மண்டையோட்டு அந்துப்பூச்சி பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, நைட்டு லைட்டுக்கு வந்த பூச்சி முதுகுல அப்படியே மண்டை ஓடு இருந்துச்சு. வீட்ல அபசகுனம்ங்கிறாங்க, நெசமா?

பதில்: ஒண்ணும் இல்லப்பா. தலைக்குப் பின்னாடி செதிலோட கலர் அப்படி அமைஞ்சிருக்கு, நம்ம கண்ணு அதுல மூஞ்சிய தேடிக்குது. பேரு வச்சவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, மூணு இனத்துக்கும் அட்ரோபோஸ், லாக்கெசிஸ், ஸ்டிக்ஸ்னு கிரேக்கக் கதைல சாவோட சம்பந்தப்பட்ட பேரா பாத்து வச்சுட்டாங்க, பூச்சி பாவம்.

கேள்வி: மூணும் எங்கெங்க இருக்கு? எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: அட்ரோபோஸ் ஆப்பிரிக்கா பக்கம், அங்கேர்ந்து ஐரோப்பா வரைக்கும் வலசை போகும். மத்த ரெண்டும் ஆசியா, இந்தியாவுலயும் ரெண்டுமே உண்டு. லாக்கெசிஸ்தான் பெருசு, ரெக்கைய விரிச்சா 13 செ.மீ. வரைக்கும் வரும், பின்ரெக்கை உடம்போட சேர்ற இடம் கருப்பா இருக்கும். ஸ்டிக்ஸுக்கு அந்த இடம் மஞ்சள், குறுக்க கருப்புப் பட்டை. அதனால ரெக்கைய மூடி உட்கார்ந்திருக்கற போட்டோவ அனுப்பி எதுன்னு கேட்காதீங்கப்பா, முன்ரெக்கை எல்லாத்தையும் மறைச்சிடும்.

கேள்வி: கையில புடிச்சதும் கீச்சுன்னு கத்துச்சு சார், பயந்துட்டேன்.

பதில்: பயப்படணும்னுதான் கத்துது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி, குட்டையான உறிஞ்சுகுழல் வழியா காத்த உள்ள இழுக்கும்போது வாய்க்குள்ள ஒரு சின்ன மடல் அதிரும், திரும்ப வெளிய தள்ளும்போது விசில் மாதிரி இன்னொரு சத்தம் வரும். கடிக்காது.

கேள்வி: தேன் பெட்டிக்குள்ள ஒண்ணு செத்துக் கிடக்கு, திருட வந்ததா?

பதில்: ஆமா, அந்தக் குட்டைக் குழல் தடியா இருக்கே, அது மெழுகு மூடிய குத்தத்தான். இருட்டுல தேனீ வாசனைய வச்சுத்தானே ஆள் யாருன்னு பாக்கும், இது உடம்பு மேல தேனீ மேல இருக்கற அதே கொழுப்பு அமிலங்கள் இருக்கறதால சொந்தக்காரன் மாதிரி உள்ள நுழைஞ்சிடும். எப்பவாவது மாட்டிக்கும், உங்க பெட்டில ஆன மாதிரி. வாசல் ஓட்டைய சின்னதாக்கிடுங்க.

கேள்வி: எள்ளுச்செடில வாலுல கொம்பு வச்ச பெரிய பச்சப் புழு, மருந்து என்ன அடிக்க?

பதில்: ஸ்டிக்ஸோட புழுவாத்தான் இருக்கும். பச்சை மட்டுமில்ல, மஞ்சள், பழுப்புலயும் வரும். தொட்டா தாடைய டிக் டிக்னு தட்டும், கொட்டாது. நாலஞ்சு புழுவுக்கு மருந்தெல்லாம் வேணாம், கையாலயே பொறுக்கிடுங்க. மண்ணுக்குள்ள போய்த்தான் கூட்டுப்புழுவாகும், அறுவடை முடிஞ்சு உழும்போது மேல வந்துடும், மிச்சத்த காக்கா பாத்துக்கும்.