வேட்டைக் கத்தி பெரிசா இருந்தாத்தான் நல்லமா?

இல்ல, படத்துல வாற மாதிரி ஒரு முழக் கத்தி எல்லாம் சும்மா ஷோ. வேட்டைக் கத்தியிட முக்கியமான வேல மிருகத்தக் கொல்றது இல்ல, விழுந்ததுக்குப் பிறகு தோல் உரிச்சு குடல் எடுக்கிறதுதான், அதுக்கு 3, 4 அங்குல அலகு தாராளம். காடு வெட்ட எண்டா அது வேற, அதுக்குக் கத்தியில்ல கோடாலி.

நான் முதல்ல பாக்கிறது பிடியத்தான். அலகிட இரும்பு பிடிக்குள்ள கடைசி மட்டும் போயிருக்கணும், பாதியில நிண்டா நெம்பக்குள்ள கழண்டுரும். ரத்தமும் கொழுப்பும் பட்டா கை வழுக்கும், அதனால பளபளண்டு பொலிஷ் பண்ணின பிடி வேணவே வேணாம்.

மட்டக்களப்புப் பக்கம் வாவிக்காத்து உப்பு, காபன் ஸ்டீல் கத்தியத் துடைச்சு எண்ண பூசாம வெச்சா துரு புடிச்சிரும், ஆனா தீட்டுறதுக்கு அதுதான் சுகம், ஸ்டெயின்லெஸ் மெனக்கெடுத்தும். கொல்லன்ட சொல்லி பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில அடிச்செடுத்தாலும் நல்லா நிக்கும், சூடேத்தி எண்ணெயில ஆத்துறதுலதான் எல்லாம் கிடக்கு.

உரிக்கக்குள்ள சின்னதா ஒரு ஓட்ட போட்டு, கூர மேல பாத்த மாதிரி உள்ளுக்கு விட்டு வெளிப்பக்கமா அறுங்க. மேலால அறுத்தா மயிர் பட்டு கூர் மழுங்கும், வயித்துப் பக்கம் ஆழமாப் போனா குடல் கிழிஞ்சு இறைச்சியே நாறிப் போயிரும். மூட்டுல அறுங்க, எலும்புல கொத்தாதீங்க.

மறுகா ஒண்டு, கல்லோயா மாதிரி தேசியப் பூங்காவுக்க வேட்டை சட்டப்படி குற்றம். பழக வேணுமெண்டா வீட்டு ஆட்டுல பழகுங்க.