மின்ஹாஜில் ‘அஸஹ்ஹு’, ‘ஸஹீஹ்’: எது உறுதியானது?

சகோ, ‘அஸஹ்ஹு’ என்றால் ‘மிகச் சரியானது’, எனவே அதுதான் ‘ஸஹீஹ்’ஐவிட (‘சரியானது’) உறுதியானது என்று எழுதியிருக்கிறீர்கள். அகராதிப்படி சரி, ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) நூலான மின்ஹாஜில் தலைகீழ். ஹதீஸ் (நபிமொழி) தரத்தைக் குறிக்கும் ‘ஸஹீஹ்’ஐயும் இதில் கலக்காதீர்கள்.

நூலாசிரியர் இமாம் நவவி (ஹிஜ்ரி 631–676) முன்னுரையிலேயே இதை விளக்கிவிடுகிறார். பலரும் அதைத் தாண்டி நேரே தஹாரத் (தூய்மை) பாடத்துக்குப் போவதால்தான் குழப்பம். எதிர்க்கருத்துக்கும் வலு இருந்தால் ‘அஸஹ்ஹு’. அது பலவீனமாக இருந்தால் ‘ஸஹீஹ்’; ஆகவே ‘ஸஹீஹ்’தான் உறுதியானது. இரண்டுமே இமாம் ஷாஃபிஈக்குப் பின்வந்த மத்ஹப் அறிஞர்களுடைய கருத்துகளுக்கு. இமாம் ஷாஃபிஈயின் சொந்தக் கூற்றுகள் என்றால் இதே வரிசையில் ‘அள்ஹர்’, ‘மஷ்ஹூர்’. ‘கீல’ (‘சொல்லப்பட்டது’) என்று வந்தால் அது பலவீனமான கருத்து, அதன்படி முடிவெடுக்காதீர்கள். ‘அல்ஜதீத்’ (ஷாஃபிஈயின் புதிய கூற்று) என்றால் அதற்கு மாறான பழைய கூற்று ஒன்று உண்டு என்று பொருள்.

இன்னொன்று: மின்ஹாஜ், இமாம் ராஃபிஈயின் ‘முஹர்ரர்’ என்ற நூலின் சுருக்கம். ‘குல்து’ (‘நான் சொல்கிறேன்’) என்று தொடங்கி ‘வல்லாஹு அஃலம்’ (‘அல்லாஹ்வே நன்கறிந்தவன்’) என முடியும் பகுதிகள் நவவி சேர்த்தவை. பல இடங்களில் ராஃபிஈயைத் திருத்துவதும் அங்கேதான். அந்தப் பகுதிகளுக்குப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக்கொண்டே படியுங்கள். நவவியும் ராஃபிஈயும் முரண்பட்டால், பிற்கால ஷாஃபிஈகள் பொதுவாக நவவியையே எடுப்பார்கள்.