கேட்டீங்களே, சொல்றோம்: போடிமெட்டு ஜீப்பும் கம்ப்யூட்டர் ஸ்டியரிங்கும்

அண்ணே, கார் ரேஸ் கேம் எல்லாமே ஒண்ணுதானே? இதில் ‘சிமுலேஷன்’ என்று தனியாக எதைச் சொல்கிறார்கள்? நான் ஆடும் கேமில் 200 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பினாலும் ஒன்றும் ஆவதில்லை.
– கல்லூரி மாணவர், போடிநாயக்கனூர்

அந்த ‘ஒன்றும் ஆவதில்லை’ இருக்கிறதே, அதுதான் தம்பி வித்தியாசம். உங்கள் ஊரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் இறங்கும்போது கவனித்துப் பாருங்கள். வளைவு வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, பிரேக் வேலையை முடித்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டியரிங்கை ஒடிப்பார். டயர் ரோட்டைப் பிடிப்பதற்கு ஒரு அளவு உண்டு. அதை முழுக்க பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது, நீங்கள் எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே பள்ளத்தைப் பார்த்துப் போகும்.

இந்தக் கணக்கை நாலு டயருக்கும் தனித்தனியாக, விடாமல் போட்டுக்கொண்டே இருக்கிற கேம்தான் சிமுலேஷன். ‘ஐரேசிங்’ என்கிற ஆன்லைன் ரேஸ் கேமில் நொடிக்கு 360 தடவை போடுகிறார்கள். பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாவது, டயர் சூடேறுவது, தேய்வது, பெட்ரோல் தீரத்தீர வண்டியின் நடை மாறுவது எல்லாம் அதில் வரும். டயர் எந்தக் கோணத்தில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு நெதர்லாந்துப் பேராசிரியர் ஹான்ஸ் பசேகா ஒரு சூத்திரம் கொடுத்தார், பெயரே ‘மேஜிக் ஃபார்முலா’. அளந்து பார்த்த விவரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் அதன் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பெரிய இயற்பியல் காரணம் கிடையாது, அதனால் மேஜிக்! படம் அழகாக இருப்பதை வைத்து இது சிமுலேஷன் என்று முடிவு கட்டாதீர்கள். பிரேக் போட்டுக்கொண்டே திரும்பிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதை முதலில் ஆரம்பித்தது யார்?
– மொபைல் கடைக்காரர், கம்பம்

காசு போட்டு ஆடும் பெட்டியில் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து அடாரி கம்பெனி ‘கிரான் டிராக் 10’ விட்டது 1974இல். 1982இல் நாம்கோவின் ‘போல் பொசிஷன்’. இரண்டும் கேளிக்கை ரகம். நிஜ வண்டி மாதிரி நடக்க வேண்டும் என்று மெனக்கெட்டவர்களில் நான் முதலில் சொல்வது ஜெஃப் கிராமண்ட். 1984இல் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு ‘ரெவ்ஸ்’ எழுதினார். ஃபார்முலா 3 ரேஸ் கார், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் டிராக், கம்ப்யூட்டரின் மொத்த மெமரியே 32 கேபி. நீங்கள் கடையில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது.

அப்புறம் அமெரிக்காவின் பாப்பிரஸ் கம்பெனி. 1989இல் ‘இண்டியானாபொலிஸ் 500’, 1998இல் ‘கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்’. பின்னது 1967 பந்தய வருஷத்தை வைத்துச் செய்தது. காற்றை வைத்து வண்டியை ரோட்டோடு அழுத்தும் இறக்கை இல்லாத, எஞ்சின் மட்டும் முரட்டுத்தனமான கார்கள். நான் முதலில் ஓட்டியபோது முதல் வளைவை எட்டுவதற்குள் மூன்று தடவை பம்பரமாகச் சுற்றினேன். சரி, கேம்தான் கோளாறு என்று மூடி வைத்துவிட்டு ஒரு மாசம் கழித்துத்தான் புரிந்தது, கோளாறு என் வலது கால். கடையில் அது பெரிதாக விற்கவில்லை, ஆனால் ஆடினவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த பாப்பிரஸின் டேவிட் கேமர்தான் ஜான் ஹென்றியோடு சேர்ந்து ஐரேசிங்கைத் தொடங்கினார், 2008இல் அது பொதுமக்களுக்கு வந்தது.

இதை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தது, டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷனுக்கு வந்த 1997இன் ‘கிரான் டுரிஸ்மோ’. ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. அதில் ரேஸுக்குப் போக லைசென்ஸ் பரீட்சை உண்டு. நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போடுவதைவிட அது கஷ்டம்.

பையன் ஸ்டியரிங் செட் கேட்டு அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
– இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை

பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தால் பரீட்சை முடியட்டும் அம்மா. வாங்குவதானால் ஒரு விஷயம். பையன் ஸ்டியரிங்கைப் பற்றியே பேசுவான், நீங்கள் பிரேக் பெடலைப் பாருங்கள். மலிவான பெடல் கால் எவ்வளவு தூரம் போயிற்று என்று அளக்கும். ‘லோட் செல்’ வைத்தது எவ்வளவு அழுத்தினோம் என்று அளக்கும். காலுக்குத் தூரம் நினைவிருக்காது, அழுத்தம் நினைவிருக்கும். இன்னொன்று, சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம். பிரேக்கை மிதித்த வேகத்தில் பையன் பின்னால் உருண்டு பீரோவில் போய் முட்டுவான். என் வீட்டில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது.

கேம் ஆடியே நிஜ ரேஸ் டிரைவர் ஆக முடியுமா?
– வாசகர், செங்கோட்டை

ஆகியிருக்கிறார்கள். கிரான் டுரிஸ்மோ ஆடுபவர்களிலிருந்து நிஜ ரேஸ் டிரைவரைத் தேர்ந்தெடுக்க 2008இல் தொடங்கிய ஜி.டி. அகாடமி போட்டியில் ஜெயித்த ஸ்பெயின்காரர் லூகாஸ் ஒர்டோனெஸ், பிரான்ஸில் நடக்கும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், 2011இல், தன் பிரிவில் இரண்டாவதாக வந்த கூட்டணியில் இருந்தார். ஆனால் காக்பிட்டின் சூடு, கழுத்தைப் பிய்க்கும் வளைவு, மோதினால் நிஜமாகவே மோதும் என்கிற பயம், இதெல்லாம் ஹாலில் கிடைக்காது.

எங்க ஊர் மலைப்பாதை கேமில் வருமா?
– ஜீப் டிரைவர், பூப்பாறை

பெரிய கம்பெனிகள் டிராக்கை லேசர் வைத்து ஸ்கேன் செய்து ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ஏற்றுகிறார்கள். டெல்லிப் பக்கத்து புத் சர்க்யூட் என்கிற ரேஸ் டிராக் 2011இன் எஃப்1 (ஃபார்முலா 1) கேமிலேயே வந்துவிட்டது. நம் மலைக்கு யாரும் லேசரோடு வரப் போவதில்லை. ஆனால் 2014இல் வந்த இத்தாலிக்காரர்களின் ‘அசெட்டோ கோர்சா’வில் ரசிகர்களே பாதை செய்து சேர்க்கலாம், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். போடி மாணவர் படித்துக்கொண்டுதானே கேட்டிருக்கிறார், அவரைப் பிடியுங்கள் அண்ணாச்சி. வளைவில் எதிரே ஏறி வரும் கேரளா பஸ்ஸையும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.