கமிஷனா, கட்டணமா? செபி விதிகள் குறித்துக் கேள்வி பதில்

பல வருடம், ஃபண்ட் நிறுவனத்திடம் கமிஷன் வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக இருந்தேன். 2020 விதி மாற்றத்துக்குப் பிறகு ஏஆர்என்னை, அதாவது விநியோகஸ்தர் பதிவு எண்ணை, திருப்பிக் கொடுத்துவிட்டு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியில் பதிவு பெற்று, வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்கும் முதலீட்டு ஆலோசகராக மாறினேன். இரண்டு பக்கத்து அடியும் வாங்கியவன் என்ற தகுதியில் உட்கார்ந்திருக்கிறேன். விதிகள், தொழில், வருமானம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த ஃபண்ட் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கோவை விநியோகஸ்தர்: சார், நான் 2019இல்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சீனியர்கள் எல்லாரும் "அந்தக் காலம் போச்சு" என்கிறார்கள். அது என்ன காலம்? விதிகள் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கின்றன?

அது நுழைவுக் கட்டணக் காலம். வாடிக்கையாளர் பங்குசார்ந்த ஃபண்டில் 10,000 ரூபாய் போட்டால் 2.25 சதவீதம், அதாவது 225 ரூபாய், முதலீடாகும் முன்பே கழிந்து எங்கள் பக்கம் வரும். பலருக்கு அப்படி ஒரு கழிவு இருப்பதே தெரியாது. 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி அதை நிறுத்தியது. அன்றைக்குத் தொழிலே முடிந்தது என்றுதான் நினைத்தோம். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் விற்கப் போனார்கள், ஏனென்றால் கமிஷன் அங்கே இருந்தது. அடுத்த வருடம், 2010 செப்டம்பரில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் யூலிப் கட்டணங்களுக்கும் உச்சவரம்பு போட்டது.

அப்புறம் ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் கையிலிருந்து முன்பணக் கமிஷன் கொடுக்க ஆரம்பித்தன. விளைவு என்ன? ஒரு ஃபண்டில் போட்ட பணத்தை ஒரு வருடத்தில் எடுக்கவைத்து இன்னொன்றில் போடுவது. ஒவ்வொரு முறையும் புதுக் கமிஷன். நானும் இரண்டொரு முறை செய்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. 2018 அக்டோபரில் செபி முன்பணக் கமிஷனை நிறுத்தி, டிரெயில் மட்டும்தான் என்றது. பணம் ஃபண்டில் இருக்கும்வரை வருடாவருடம் ஒரு சிறு பங்கு. ஒரு லட்சத்துக்கு ஒரு சதவீதம் டிரெயில் என்றால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய். அந்தப் பணம் வளர்ந்தால் உங்களுடையதும் வளரும், வாடிக்கையாளர் எடுத்துவிட்டால் நின்றுபோகும்.

இதற்கு நடுவே 2013 ஜனவரியில் டைரக்ட் பிளான் வந்தது. விநியோகஸ்தரே இல்லாமல், கமிஷன் கழியாமல், நேரடியாக வாங்கலாம். அதே வருடம் முதலீட்டு ஆலோசகர் விதிகளும் வந்தன. ஏன் மாறுகின்றன என்று கேட்டீர்களே, இவை எல்லாமே ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன: உங்களுக்குக் காசு கொடுப்பது யார், ஃபண்ட் நிறுவனமா, எதிரே உட்கார்ந்திருப்பவரா? அடுத்த சுற்றறிக்கை வரும்போதும் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். பாதி புரிந்துவிடும்.

சேலம்: விசிட்டிங் கார்டில் "நிதி ஆலோசகர்" என்று போட்டிருக்கிறேன். ஏஆர்என் இருக்கிறது. தப்பா?

தப்பு. 2020 திருத்தத்தின்படி, செபியில் ஆலோசகராகப் பதிவு பெறாதவர் சுயாதீன நிதி ஆலோசகர், வெல்த் அட்வைசர் போன்ற பெயர்களைப் போட்டுக்கொள்ள முடியாது. "மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்" என்று புதுக் கார்டு அடித்துவிடுங்கள். ஃபண்ட் விற்கும்போது அதையொட்டி நாலு வார்த்தை ஆலோசனை சொல்லலாம், அதற்கு விலக்கு உண்டு. பெயருக்குத்தான் இல்லை.

திருச்சி, பள்ளி ஆசிரியை: வேலையை விடாமல் ஆலோசகராகப் பதிவு செய்யலாமா?

2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு வழி இருக்கிறது, பகுதிநேர ஆலோசகர் என்று. அதிகபட்சம் 75 வாடிக்கையாளர். உங்கள் முதல் வேலையில் பிறர் பணத்தைக் கையாள்வதோ முதலீட்டு ஆலோசனை சொல்வதோ இருக்கக் கூடாது. ஆசிரியர் வேலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் தேர்வு இரண்டு, எக்ஸ்-ஏயும் எக்ஸ்-பியும் எழுத வேண்டும். முன்பு கேட்ட ஐந்து வருட அனுபவம் இப்போது தேவையில்லை. ஆனால் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள் டீச்சர்.

கரூர்: மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு). எந்த ஃபண்ட் நல்லது?

உங்கள் வயது, கடன், ரிஸ்க் எதுவும் தெரியாமல் நான் ஒரு பெயரைச் சொன்னால் அது விதிமீறல். முதல் பத்தியையும் படியுங்கள்.

சென்னை: டெலிகிராமில் ஒருவர் தினமும் டிப்ஸ் தருகிறார், மாதம் 3,000 கட்டணம். செபி பதிவு எண்ணும் போட்டிருக்கிறார். நம்பலாமா?

எண் இருந்தால் மட்டும் போதாது. ஐஎன்ஏ என்று தொடங்கும் அந்த எண்ணை செபி இணையதளத்தில் போட்டு, வரும் பெயரும் முகவரியும் தொலைபேசியும் இவருடையவைதானா என்று பாருங்கள். வேறொருவர் எண்ணைத் திருடி ஒட்டிக்கொள்வது சர்வசாதாரணம். 2025 அக்டோபரிலிருந்து பதிவு பெற்றவர்களுக்குத் தனி யுபிஐ முகவரி உண்டு, அதில் "வேலிட்" என்ற சொல் வரும். செபி செக் என்ற வசதியில் சரிபார்த்துவிட்டுப் பணம் அனுப்பலாம். தனிநபரின் சாதாரண யுபிஐ எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். லாபம் உறுதி என்று ஒரு வார்த்தை வந்தாலும் அப்படியே, பதிவு பெற்ற எவரும் அதைச் சொல்ல முடியாது.

மதுரை, 22 வருட விநியோகஸ்தர்: தம்பி, கட்டணம் வாங்கும் ஆலோசகர்தான் யோக்கியர், கமிஷன் வாங்குபவன் திருடன் என்ற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்ஐபி போடும் இட்லிக் கடை அம்மாவை நீங்கள் பார்ப்பீர்களா? சத்தியமாகச் சொல்லுங்கள்.

அண்ணே, திருடன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. சத்தியமாகச் சொன்னால், அவரிடம் வாங்கக்கூடிய கட்டணத்தில் எனக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒப்பந்தம், ரிஸ்க் மதிப்பீடு, பரிந்துரைக்குக் காரணம் எழுதி வைப்பது, பதிவுகளை ஐந்து வருடம் காப்பது, வருடாந்திர ஆடிட் என்று இத்தனை இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்காரருக்கும் அதே காகிதம்தான், கோடி ரூபாய்க்காரருக்கும் அதே காகிதம்தான்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. பிரிட்டனில் 2012 கடைசியில் முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷனைத் தடைசெய்தார்கள். ஆலோசகர்களின் தகுதி உயர்ந்தது, ஒருதலையான விற்பனை குறைந்தது. அதோடு சிறு முதலீட்டாளர்களைப் பல ஆலோசகர்கள் கைவிட்டார்கள். "ஆலோசனை இடைவெளி" என்று அங்கே இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரை, மறுபடியும்: அப்படியென்றால் செபி செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

இல்லையே! செபி கமிஷனைத் தடைசெய்யவில்லை. கமிஷன், கட்டணம் இரண்டையும் ஒரே ஆள் வாங்கக் கூடாது என்றது. நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். விநியோகஸ்தர்கள் லட்சத்துக்கும் மேல். இட்லிக் கடை அம்மாவுக்கு முதல் எஸ்ஐபி போட்டுக் கொடுத்து, 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது "நிறுத்தாதீங்கம்மா" என்று கடை வாசலில் நின்று சொன்னது உங்களைப் போன்றவர்தான். அதற்கு டிரெயில் வாங்குவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

எனக்கு மறுப்பு எங்கே என்றால், 80 லட்சம் வைத்திருப்பவரிடம் ஒரு சதவீதம், வருடம் 80,000 ரூபாய், அவர் கண்ணில் படாமலே போகிறது பாருங்கள், அங்கே. அந்தத் தொகைக்குச் செக் எழுதச் சொன்னால் "எதற்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டும்.

ஈரோடு: மதுரைக்காரர் சொல்வதுதான் சரி. நீங்களும் டிரெயிலில் வளர்ந்தவர்தானே?

ஆமாம், வீடு கட்டியதே அதில்தான். 2020இல் தனிநபர் ஆலோசகர் விநியோகமே செய்யக் கூடாது என்று விதி வந்தபோது, மூன்று மாதம் தூங்கவில்லை. மாதாமாதம் வரும் டிரெயிலை விட்டுவிட்டு, "எனக்கு இனிமேல் நீங்கள் கட்டணம் தர வேண்டும்" என்று வாடிக்கையாளர்களிடம் போய் நின்றேன். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு வேறு விநியோகஸ்தரிடம் போனார்கள். மீதிப் பேரோடு தொடங்கினேன்.

நாமக்கல்: ஆலோசகர் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா? அவர் கட்ட வேண்டிய டெபாசிட் எவ்வளவு?

நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 1,51,000 ரூபாய். முன்பு 1,25,000 இருந்தது. சொத்து மதிப்பின் அடிப்படையில் என்றால் 2.5 சதவீதம். முன்பணமாக ஒரு வருடக் கட்டணம் வரை வாங்கலாம். ஆலோசகரிடம் இவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்ற பழைய நிகர மதிப்பு நிபந்தனைக்குப் பதிலாக வந்த டெபாசிட், 150 வாடிக்கையாளர் வரை ஒரு லட்சம், 300 வரை இரண்டு, ஆயிரம் வரை ஐந்து, அதற்கு மேல் பத்து லட்சம்.

தஞ்சாவூர்: ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் கமிஷனும் மாறிவிட்டதாமே?

2023 ஏப்ரலிலிருந்து பாலிசிவாரியான உச்சவரம்பு போய், நிறுவனத்தின் மொத்தச் செலவு வரம்புக்குள் அடக்கம் என்று ஆனது. அதற்கு மேல் என் துறை இல்லை, காப்பீட்டுக்காரர் ஒருவரைக் கேளுங்கள்.

திருநெல்வேலி: சார், டைரக்ட் பிளானில் எந்த ஃபண்ட்...

கரூருக்குச் சொன்னதேதான்.

வேலூர்: வாட்ஸாப்பில் ஒரு குழு, செபி எண் இருக்கிறது, சேரலாமா?

சென்னைக்குச் சொன்னதைப் படியுங்கள். எண்ணை, பெயரை, யுபிஐயை மூன்றையும் பாருங்கள். இன்றைக்கு இதே கேள்வி இன்னும் நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அவர்களுக்கும் இதுவே பதில்.

மதுரை: கடைசியாக ஒன்று, தம்பி. என்னிடம் நீங்கள் சொன்ன மாதிரி பெரிய வாடிக்கையாளர் இரண்டு பேர் கட்டண முறை கேட்கிறார்கள். என் மகள் ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டு அவர்களைப் பார்க்கட்டும், நான் விநியோகஸ்தராகவே இருக்கிறேன். நடக்குமா?

மகள் பதிவு செய்யலாம், நல்ல யோசனை. ஆனால் ஒரே வாடிக்கையாளர் உங்களிடம் கமிஷன் உள்ள ரெகுலர் பிளானும் மகளிடம் ஆலோசனையும் வாங்க முடியாது. ஆலோசகரின் குடும்பத்தார் விநியோகம் செய்யும் வாடிக்கையாளருக்கு அவர் ஆலோசனை தரக் கூடாது. அந்த வாடிக்கையாளரின் குடும்பமும் ஒரே அலகாகத்தான் கணக்கு, கணவர் உங்களிடம், மனைவி மகளிடம் என்றும் பிரிக்க முடியாது. இரண்டு பேரும் முழுசாக மகளிடம் போக வேண்டும், அவர்கள் கணக்கில் உங்கள் டிரெயில் நிற்க வேண்டும். இட்லிக் கடை அம்மாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.