இணையத்தில் பரவும் யூத வெறுப்பை யூத இளைஞர்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட முடியாதா?

‘பிடிக்காவிட்டால் அந்தத் தளத்தை விட்டு வெளியேறிவிடலாமே’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாரிசில் படித்த காலத்தில் யூத மாணவர்களோடு நெருங்கிப் பழகியதால், அது முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

என் வகுப்புத் தோழர் ஒருவர் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி ஒரு தளத்தில் எழுதிய இரண்டு வரிகளுக்குக் கீழே அடுப்பு, சோப்புக்கட்டி, நீண்ட மூக்கு என யூதர்களை இழிவுபடுத்தும் வெறும் படங்களாகவே மறுமொழிகள் வந்து குவிந்தன. நாஜிக்கள் ஆண்ட காலத்தில் பிரான்சிலிருந்து ஏறத்தாழ 76,000 யூதர்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் அவருடைய கொள்ளுப்பாட்டியின் உடன்பிறந்தவர்களும் இருந்தனர். வதைமுகாம்களில் பிணங்களை எரித்த உலைகளைக் குறிக்கும் அந்த அடுப்புப் படத்தின் பொருளை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வசைச்சொல் எதுவும் எழுத்தில் இல்லாததால், புகார் செய்தபோது விதிமீறல் இல்லை என்றே பதில் வந்தது. அதன்பின் அவர் தம் குடும்பப்பெயரைக் கணக்கிலிருந்து நீக்கினார். யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவு விருந்துப் படங்களைப் பகிர்வதையும் நிறுத்திவிட்டார்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 முதல் 34 வயது வரையிலான யூதர்களில் 44 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் யூத வெறுப்புத் தொல்லைக்கு ஆளாகியிருந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் எங்கும் புகார் செய்யவில்லை.

இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டிக்க எவருக்கும் உரிமை உண்டு, காசாவில் மடியும் குழந்தைகளுக்காக நானும் கலங்குகிறேன். ஆனால் பிரான்சின் லியோன் நகரில் பள்ளிக்குப் போகும் ஒரு சிறுமியை, யூதக் குடும்பத்தில் பிறந்தாள் என்பதற்காகவே அதற்கெல்லாம் பதில் சொல்லச் சொல்வது வெறுப்பைத் தவிர வேறில்லை.

வெளியேறாமல் எதிர்த்து நின்றவர்களும் உண்டு. பிரான்சின் தூலூஸ் நகரில் ஒரு யூதப் பள்ளியில் மூன்று குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே 2012ஆம் ஆண்டின் அக்டோபரில், ‘நல்ல யூதன்’ என்ற பிரெஞ்சு ஹேஷ்டேக் ட்விட்டரில் பரவி, செத்த யூதனே நல்லவன் என்ற வகைப் பதிவுகளால் நிறைந்தது. பிரான்ஸ் யூத மாணவர் ஒன்றியம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்கச் சட்டத்துக்கே தான் கட்டுப்பட்டது என்று ட்விட்டர் வாதிட்டபோதும், எழுதியவர்களை அடையாளம் காண உதவும் தரவுகளைக் கொடுக்கும்படி 2013 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல்முறையீடும் தோற்ற பிறகு, ஜூலையில் ட்விட்டர் அவற்றை ஒப்படைத்தது. அந்த மாணவர்கள் உங்கள் யோசனைப்படி பேசாமல் வெளியேறியிருந்தால், எழுதியவர்கள் யாரென்று கேட்கக்கூட ஆள் இருந்திருக்காது.