வானிலை ஆப்பில் முழு வெயில் காட்டினால் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சரிவு பயமில்லாமல் சறுக்கலாமா?

கூடாது. ஆப்பில் தெரிவது வானம் மட்டும்தான், சரிந்து விழுவது ஏற்கெனவே தரையில் கிடக்கிற பனி. இரண்டு குளிர்காலம் அங்கே பனிச்சறுக்குக்குப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அந்த வெயில் நாள்தான் உதறல்.

மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை, பனி மண்டலமான மேற்கத்திய இடையூறு வந்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் பனி கொட்டும், மேலே போகும் கோண்டோலாவை, அதாவது ரோப் காரை, நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் கஹ்வா என்ற காஷ்மீரி தேநீரைக் குடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம் ஒரு காலையில் பளிச்சென்று நீல வானம். குல்மார்க்குக்கு மேலே உள்ள அப்பர்வாட் மலையின் சரிவில் யார் முதலில் சறுக்கிக் கோடு போடுவது என்று ஒரே அடிதடி. ஆனால் அந்தப் புதுப்பனி பழையதோடு இன்னும் சரியாக ஒட்டியிருக்காது; காற்று வேறு ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கத்தில் பலகை மாதிரி இறுக்கி வைத்திருக்கும். பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் உடைகின்றன, நமக்குச் சறுக்க ஆசை வருவதும் அதே சாய்வில்தான்.

முதல் தடவை எங்கள் வழிகாட்டி ஒரு குழி தோண்டி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி பனியை அள்ளிக் காட்டினார். அப்படியே ரவை! பருவத்தின் தொடக்கத்தில் பனி மெலிசாக இருந்து இரவுகள் கடுங்குளிராக இருந்தால் அடிப்பனி இப்படி உதிரியாகிவிடுமாம், வாரக்கணக்கில் சரியாகாதாம். ரவை மேல் பலகை, அதன் மேல் நாம். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம், பனி மொத்தமாக ஒரு துளி இறங்கியது: அடியில் அந்த ரவை அடுக்கு நொறுங்கியதன் அடையாளம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எங்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். கட்டின காசு போச்சே என்று அன்று நான் முறுக்கிக்கொண்டது உண்மை.

அனுபவம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். 2010 பிப்ரவரியில் குல்மார்க்குக்குப் பக்கத்திலுள்ள கிலன்மார்க்கில் உயர்மலைப் போர்ப் பயிற்சியில் இருந்த 17 ராணுவத்தினர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அப்பர்வாட்டில் போலந்துக்காரர்கள் இருவர்.

சரி, என்ன பார்ப்பது? சண்டிகரில் உள்ள, பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது, அதைப் பாருங்கள், ஆனால் மாவட்டம் முழுக்கச் சொல்வது உங்கள் சரிவுக்கு அப்படியே பொருந்தாது. காலையில் சரிவுகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்கீ பேட்ரோலிடம் நேரில் கேளுங்கள். கடைசி 24 மணி நேரத்தில் ஓரடி விழுந்திருந்தால் செங்குத்துச் சரிவுகளை விட்டுவிடுங்கள். போனாலும் ஒவ்வொருவராகக் கடந்து போங்கள்.

புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு, கீழேயிருந்து ஆள் வரும்வரை தாங்காது. அதனால் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் வேண்டும். பீக்கனை வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே நின்று பேட்டரியைப் பாருங்கள், எனக்குக் கொடுத்ததில் பாதிதான் இருந்தது.