ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் கேட்டவை

எனக்குச் சொந்த ஊர் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. இலங்கை மலைநாட்டுத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்கு முதன்முதலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். இப்போது பேரப்பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நடுவில் எத்தனை தடவை என்று கணக்கு வைக்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கோபமாகப் பதில் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொலித்தீன் பையைக் கண்டால் எனக்கு அப்படித்தான் வரும்.

ஐயா, உலக முடிவைப் பார்க்க விடியற்காலையிலேயே போக வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு அவசரமா? (கொழும்பு இளைஞர்)

அவசரம்தான் தம்பி. சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அதன் தெற்கு ஓரம் திடீரென்று அறுந்து ஏறத்தாழ 880 மீற்றர் கீழே விழுகிறது. அந்த விளிம்பைத்தான் உலக முடிவு என்கிறோம். வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டின் ஈரக்காற்று சூடாகி அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. மேலே வந்ததும் குளிர்ந்து முகிலாகிவிடுகிறது. பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் திரை விழுந்துவிடும்.

ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் புட்டு அவித்து, எல்லோரும் குளித்து, பொட்டு வைத்துப் புறப்படும்போதே எட்டு மணி. விளிம்புக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. முன்னால் வெள்ளைச் சுவர், வேறு ஒன்றும் இல்லை. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், உலகம் முடிந்தேவிட்டது" என்றார்.

வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீற்றர், மலைப்பாதை. நாலரைக்கு வண்டி ஏறினால் வரிசையில் முன்னுக்கு நிற்கலாம். அங்கிருந்து ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையம் வரை வண்டி போகும், பிறகு நடைதான். ஏழரை, எட்டுக்கு விளிம்பில் நின்றால் கீழே தேயிலைத் தோட்டம் சீப்பால் வாரியதுபோல் தெரியும். அதற்கப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம். மிகத் தெளிவான நாளில் தெற்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். எனக்கு அது சில தடவைதான் வாய்த்திருக்கிறது.

அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி. மகனுக்கு எட்டு வயது. முழுச் சுற்றும் நடக்க முடியுமா? (மட்டக்களப்பு ஆசிரியை)

சுற்றுப்பாதை ஒன்பது, ஒன்பதரை கிலோமீற்றர். நடந்து பழகியவருக்கு மூன்று மணி நேரம். குழந்தையும் பாட்டியும் சேர்ந்தால் நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையேற்றம் என்று பயப்பட வேண்டாம் தங்கச்சி, பெரும்பகுதி புல்வெளியும் காடும் மாறிமாறி வரும் மேடுபள்ளம்தான். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. மழைநீர் அறுத்த பள்ளங்களில் உருளும் கற்கள், ஈரமான வேர்கள், வழுக்கும் களிமண். செருப்போடு வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

முழங்காலுக்கு உண்மையான சோதனை பேக்கர் நீர்வீழ்ச்சி. ஏறத்தாழ 20 மீற்றர் உயரம்தான், ஆனால் அதைப் பார்க்கச் செங்குத்தாக இறங்கி மறுபடி ஏற வேண்டும். அம்மாவை மேலேயே உட்காரவைத்துவிட்டு மகனோடு நீங்கள் இறங்குங்கள். அதுவும் முடியாது என்றால் சின்ன உலக முடிவு வரை போய்த் திரும்புங்கள். அங்கேயும் 270 மீற்றர்ப் பள்ளம் இருக்கிறது, யாரும் அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. இந்த உயரத்தில் மூச்சு கொஞ்சம் வாங்கும். மெதுவாக நடந்தால் போதும்.

பையைச் சோதிக்கிறார்களாமே, சாப்பாடு கொண்டுபோக முடியாதா? (திருகோணமலை வாசகர்)

சாப்பாடு கொண்டுபோகலாம், பொலித்தீன்தான் கூடாது. ஃபார் இன்னில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். போன தடவை எனக்கு முன்னால் நின்ற குடும்பத்திடம் பெரிய பை. அதிகாரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிஸ்கட்டை உறையிலிருந்து உருவிப் பழைய செய்தித்தாளில் சுற்றினார். தண்ணீர்ப் போத்தலின் லேபலை நகத்தால் கீறி உரித்துவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் சோற்றுப் பார்சல்கள் வந்தன, எல்லாம் லன்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளில். அவர் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா கணவரைப் பார்த்தார், கணவர் மலையைப் பார்த்தார்.

வாழையிலையில் கட்டிக்கொண்டு வாருங்கள். அல்லது எவர்சில்வர் டப்பாவில் ரொட்டியும் சம்பலும். சோதனை கடுமையாக இருக்கிறது என்று சிலர் முறையிடுகிறார்கள். எனக்கு அது இன்னும் கடுமையாக இருக்கலாம் என்றுதான் படுகிறது.

வாகனத் தரிப்பிடத்தில் நின்ற மரை என் மகளின் கையிலிருந்து பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டது. அழகாக இருந்தது. ஆனால் காவலர் சத்தம் போட்டார். ஏன்? (கண்டி வாசகர்)

அவர் சத்தம் போட்டது சரி. அந்த மரை சாதுவானது அல்ல, கெட்டுப்போனது. கையிலிருந்து தின்னப் பழகிய மிருகம் புல்லை விட்டுவிட்டு வண்டிகளைச் சுற்றும். உப்பு ருசி ஒட்டிய உறையையும் சேர்த்து விழுங்கும். கொம்புள்ள ஆண் மரை தலையை ஒரு தரம் திருப்பினாலே ஒரு பிள்ளையின் முகம் போய்விடும். மரைக் கூட்டத்தைப் பார்க்க ஆசையா? அதிகாலையிலோ மாலையிலோ வீதியோரப் புல்வெளியைப் பாருங்கள். தூரத்தில் நின்று, வாயை மூடிக்கொண்டு.

சிறுத்தை வருமா? யானை?

சிறுத்தை உண்டு. மரைதான் அதன் முக்கிய இரை. பகலில் கூட்டமாக நடப்பவர்கள் அதைக் காண்பது அபூர்வம். யானைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இங்கிருந்து மறைந்துவிட்டன.

அண்ணா, ரயிலில் வர ஆசை. பட்டிப்பொலவில் இறங்குவதா, ஓஹியவிலா? (யாழ்ப்பாணம், பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர்)

நால்வர், அதுவும் இளம் வயது. ஓஹிய. அங்கிருந்து ஃபார் இன்னுக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஏற்றம். கால் இருந்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் முச்சக்கர வண்டி பேசலாம். பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், அம்பேவல பண்ணைப் பக்கமாக வருகிறவர்களுக்கு அது வசதி. எந்தப் பக்கம் வந்தாலும் முதல் நாள் மாலையே வந்து அருகில் தங்குங்கள். பகல் ரயிலில் வந்து இறங்கி அதே நாளில் உலக முடிவைப் பார்க்கலாம் என்று நினைத்தால் மச்சானின் கதைதான்.

பட்டிப்பொலவைத் தாண்டியதும் பாதை 1,898 மீற்றர் உச்சியைத் தொட்டு ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். அப்போது ஜன்னலோரத்தில் இருங்கள். இந்தப் பக்கம் மழையும் மூட்டமுமாக இருக்கும்; இருட்டு முடிந்து வெளியே வந்தால் ஊவாப் பக்கம் வெயில் அடிக்கும். எப்போதும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், நடக்கும்போது பெட்டியில் எல்லோரும் ஒரே குரலில் கூவுவார்கள்.

இராமேஸ்வரத்திலிருந்து எழுதுகிறேன். நம் குறிஞ்சி அங்கேயும் பூக்கும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? கட்டணம் எப்படி?

அதே குடும்பத்துச் செடிகள் இங்கேயும் இருக்கின்றன, சிங்களத்தில் நெலு என்பார்கள். அவற்றில் சில நீலகிரிக் குறிஞ்சியைப் போலவே பல ஆண்டுகள் காத்திருந்து, ஒரே காலத்தில் மொத்தமாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். அந்த விதைகளைத் தின்னக் காட்டுக்கோழிகள் கூட்டமாக வந்து சேரும். சிவப்பாகப் பூக்கும் மகா ரத்மல் மரத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் நீலகிரியில் பூக்கும் காட்டுப் பூவரசுக்கு அது நெருங்கிய உறவு.

கட்டணத்தை நான் எழுதினால் நீங்கள் வருவதற்குள் மாறிவிடும். வெளிநாட்டவருக்கு உள்ளூரவரைவிடப் பல மடங்கு, வாகனத்துக்கும் தனியாக உண்டு. கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள்.

பாதையோரத்தில் நிறைய மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றனவே. நெருப்பு வைத்தார்களா? (பதுளை வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நெருப்பு அல்ல. பல ஆண்டுகளாக இந்தக் காட்டின் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து நின்றபடியே சாகின்றன, தொட்டுப்பொல மலைப் பக்கம் அதிகம். மண்ணின் தன்மை, காற்று மாசு, வறட்சி என்று ஆய்வாளர்கள் பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். இதுதான் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியவில்லை.

இந்தக் காடு வெறும் மரக்கூட்டம் அல்ல. இலையிலும் பாசியிலும் மூடுபனி படிந்து, சொட்டாகி, மண்ணுக்குள் இறங்குகிறது. மழை பெய்யாத நாளிலும் மரத்தடியில் நின்றால் தோள் நனைவது அதனால்தான். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. வெள்ளைக்காரன் மலைநாடு முழுவதையும் வெட்டிக் கோப்பியும் தேயிலையும் வைத்தபோது இது தப்பியது ஏன் தெரியுமா? 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் அரசுக்கு ஆலோசனை சொன்னார். காட்டை வெட்டிய தேயிலை மலையில் லயக் குடியிருப்பில் பிறந்தவன் நான். எங்கள் பாட்டன்மார் கைகளால் எது போனது, எது மிஞ்சியது என்று இங்கே வந்தால்தான் எனக்குப் புரிகிறது.

மிஞ்சியதையும் முழுதாக விட்டுவைக்கவில்லை. புல்வெளியில் உருளைக்கிழங்கு போட்டார்கள், ஓடையில் ட்ரவுட் மீனை விட்டார்கள். மஞ்சள் பூப்பூக்கும் ஒரு முள்செடி இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து வந்து பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக நாம் பாதையை விட்டு இறங்கிப் புல்லை மிதிக்க உரிமை வந்துவிடவில்லை.

கிரிகல்பொத்த மலை ஏறலாமா?

ஏறலாம். நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரம். போய்வர ஏறத்தாழ 14 கிலோமீற்றர். சுற்றுப்பாதையைப் போலத் தெளிவான வழி அல்ல, மூட்டம் வந்தால் தடம் மறைந்துவிடும். ஃபார் இன்னில் சொல்லிவிட்டு, வழி தெரிந்தவரோடு விடியும்போதே கிளம்புங்கள்.

விளிம்பில் வேலி இல்லையே, பயமில்லையா?

பயம் இருப்பது நல்லது. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் அடி வைத்தார். விழுந்து ஏறத்தாழ 40 மீற்றரில் ஒரு மரத்தில் சிக்கினார், இராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். அந்த மரம் உங்களுக்காகவும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். படம் எடுப்பவர் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும்.

ஐந்து மணிக்கே எழுந்து போயும் ஒரே மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. பணமும் நேரமும் வீண். மறுபடி வருவதில் அர்த்தம் இருக்கிறதா? (வவுனியா வாசகர்)

எந்த மாதம் போனீர்கள் என்று எழுதவில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆளைத் தள்ளும். சனவரி முதல் மார்ச் வரைதான் வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அப்போது இரவில் புல்மேல் உறைபனி பிடிக்கும், கம்பளி தேவை. பகலில் வெயில் தோலை உரிக்கும், தொப்பியும் தேவை.

அன்றைக்கு விளிம்பு தெரியவில்லை, சரி. மற்றது? மூட்ட நாளில்தான் கொம்பு ஓணானைக் கண்டிருக்கிறேன், பாசி பிடித்த கிளையில் விரல் நீளத்துக்கு, மூக்கில் வெள்ளைக் கொம்போடு, அசையாமல். பட்டிப்பொலப் பக்கம் அரெங்கா குளத்தருகில் விடியும்போது நின்றால் சீட்டிப் பூங்குருவியின் கூர்மையான குரல் கேட்கலாம். அந்தக் காட்டில் ஒரு தேவாங்கு இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அழிந்துவிட்டது என்று நினைத்திருந்ததை 2010இல் படத்தோடு காட்டினார்கள். மூட்டம் அவற்றின் வீடு. விளிம்புக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் அதற்குள்ளேயே ஓடுகிறார்கள்.

மார்ச்சில் வாருங்கள். சனி ஞாயிறு வேண்டாம். காலுறை இரண்டு சோடி கொண்டுவாருங்கள், முதல் சோடி முதல் ஓடையிலேயே நனைந்துவிடும்.